கயத்தில் இறங்கும் முன்: குமரிக் காட்டின் நீர்க்குழிகளும் பாறைக் குகைகளும்

குமரி மலையின் மேலே உள்ள பாலமோரில் பெய்யும் மழை கீழே ஆற்றோரக் காளிகேசத்துக்கு இறங்கிவர அதிக நேரம் எடுக்காது. கீழே நல்ல வெயில் அடிக்கும், பாறையில் விரித்த தோர்த்துத் துண்டு காய்ந்துகொண்டிருக்கும். மேலே முகடு மட்டும் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பைக் கவனிக்காமல் தண்ணீரில் கிடப்பவர்களைத்தான் காட்டாறு கொண்டுபோகிறது. குமரி மாவட்டக் காடுகளில் கயம் (ஆற்றின் ஆழமான நீர்க்குழி) தேடிப் போகிறவர் கயத்தைப் பார்ப்பதற்கு முன் அதற்கு மேலே உள்ள மலையைப் பார்க்கப் பழக வேண்டும். இங்கே எழுதுவதில் பாதி அதைப் பற்றியதுதான்.

காரணம் மலையின் அமைப்பில் இருக்கிறது. மகேந்திரகிரியும் அதை ஒட்டிய அசம்பு மலைத்தொடரும் கடலுக்கு மிகப் பக்கத்தில் எழுந்து நிற்கின்றன. கோதையாறு, பரளியாறு, பழையாறு எல்லாமே நீளம் குறைந்த, சரிவு கூடிய ஆறுகள். மேல்மண் மெலிது, அதற்கடியில் சார்னோகைட், நைஸ் வகைக் கெட்டிப்பாறை. பெய்கிற மழையைப் பாறை குடிக்காது, அப்படியே ஓடைக்குள் தள்ளிவிடும். சமவெளி ஆறுகளில் வெள்ளம் ஏற மணிக்கணக்கு ஆகும். இங்கே ஒரு கடுங்காப்பி குடித்து முடிக்கும் நேரம் போதும்.

எனவே முதல் வேலை வீட்டிலேயே நடக்க வேண்டும். நாகர்கோவில் பதிப்பு நாளிதழ்களில் தினமும் மழையளவுப் பட்டியல் வரும்: பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சுருளகோடு, சிற்றாறு என்று மில்லிமீட்டர் கணக்கில். காளிகேசம், வட்டப்பாறை பக்கம் போவதாக இருந்தால் பாலமோர் எண்ணைப் பாருங்கள். முந்தின நாள் அங்கே 20 மி.மீ. தாண்டியிருந்தால் அன்று நடந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது என் கணக்கு. திற்பரப்புக்கும் கோதையாற்றின் கீழ்ப்பகுதிக்கும் வேறு கணக்கு உண்டு. பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. அணை நிரம்பி மதகு திறந்தால், மழையே இல்லாத நாளிலும் திற்பரப்பில் தண்ணீர் பொங்கும். குளிக்கத் தடை போடுவார்கள். கோதையாறு மின்நிலையங்களுக்குக் கீழே உள்ள ஆற்றுப்பகுதியும் அப்படித்தான். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வறண்டு கிடந்த பாறைமேல் தண்ணீர் ஏறும். அணைக்கும் மின்நிலையத்துக்கும் கீழே உள்ள எந்தக் கயத்தையும் நடு ஆற்றுப் பாறையில் பையை வைத்துவிட்டு அனுபவிக்க முடியாது.

எப்போது போகலாம்? குமரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இரண்டிலும் மலை நனையும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரைதான் தண்ணீர் தெளிந்து, அளவாக ஓடும் காலம். அதற்குப் பிறகு காட்டுத்தீக் காலம். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்ற வழிகளை மூடினார்கள். ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் கோடைமழை பிற்பகலில் இடியோடு வரும். அந்த மாதங்களில் காலை விடிந்ததும் கிளம்பி, மதியம் ஒரு மணிக்குள் ஆற்றை விட்டு ஏறிவிட வேண்டும்.

அனுமதி விஷயத்தில் குறுக்குவழி தேடாதீர்கள். காட்டின் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே போவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ அத்தனை உயிர்களைக் கொண்டுபோன பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இணையவழி முன்பதிவில் மாநிலம் முழுக்க 40 வழிகள் உள்ளன. நம் மாவட்டத்தில் காளிகேசமும் இஞ்சிக்கடவும் அதில் வருகின்றன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுக்குள் கூடாரம் அடித்து இரவு தங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். குமரியில் முதுகுப்பைப் பயணம் என்றால் பகல் பயணம். இரவுக்கு குலசேகரத்திலோ நாகர்கோவிலிலோ அறை. பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகள் வழியாகப் போக நேர்ந்தால் முதலில் அவர்களின் தலைவரான மூட்டுக்காணியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை, பாதுகாப்பும்கூட. “இன்னைக்கு அந்தப் பக்கம் வேண்டாம், ஆனை நிக்குது” என்று அவர்கள் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

கயத்தைப் படிப்பது

ஆறு பாறையில் விழும் இடத்தில் சுழல் உண்டாகிறது. சுழலில் மாட்டிய உருண்டைக்கல் வெளியேற முடியாமல் சுற்றிச் சுற்றி, ஆட்டுரல் போலப் பாறையைக் குடைகிறது. காலப்போக்கில் வாய் சிறுத்து வயிறு பெருத்த குழி வரும். மேலிருந்து பார்த்தால் அழகான வட்டக் குளம். அபாயம் இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. சுவர் வழவழவென்று உள்நோக்கி வளைந்திருப்பதால், நீர்மட்டம் விளிம்புக்கு ஒரு முழம் கீழே இருந்தாலே கைப்பிடி கிடைக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் ஏற முடியாமல் களைத்துப் போவார். ஆகவே இறங்கும் வழியைத் தேடாதீர்கள், ஏறும் வழியைத் தேடுங்கள். மணல் சரிவாகவோ படிப்படியான பாறையாகவோ ஒரு பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றை மரத்தில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் முதல் ஆள் இறங்கலாம். பாறைமுனையில் கயிறு உரசும் இடத்தில் மடித்த சாக்கு வையுங்கள்.

ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது. தெளிந்த தண்ணீர் உண்மை ஆழத்தின் முக்கால் பங்கைத்தான் காட்டும். ஆறடி என்று தோன்றுவது எட்டடியாக இருக்கும். நீந்தத் தெரியாதவர் நின்றுகொள்ளலாம் என்று நினைத்து மூழ்குவது இதனால்தான். மூங்கில் கழியால் குத்திப் பாருங்கள். விளிம்பில் மட்டும் குத்தினால் போதாது, கழியைச் சாய்த்துப் பாறைக்கு அடியிலும் துழாவ வேண்டும். குடைவு இருந்தால் கழி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் யாரும் நெருங்கக் கூடாது. போன வருடம் பார்த்த ஆழம் இந்த வருடம் செல்லாது. ஒவ்வொரு வெள்ளமும் மணலையும் உருண்டைக்கல்லையும் இடம் மாற்றும். மேலிருந்து குதிப்பது எந்தக் கயத்திலும் வேண்டாம். தலை மோதிக் கழுத்தெலும்பு முறிந்தவரைக் காட்டுப்பாதையில் தூக்கிக்கொண்டு வருவது எவ்வளவு கடினம் என்பதை ஒரு முறை கற்பனை செய்து பாருங்கள்.

அருவியின் அடிக்குழி வேறு மாதிரி. உலக்கை அருவி போன்ற இடங்களில் தண்ணீர் விழும் புள்ளிக்குக் கீழே நுரைத்து வெளுத்திருக்கும். வெளுப்பு என்றால் தண்ணீரில் பாதி காற்று. அது உடலைத் தாங்காது. விழும் நீர் கீழே போய், திரும்பி அருவிப் பக்கமே இழுக்கும். மேலிருந்து கல்லும் கிளையும் சொல்லாமல் விழும். வெண்ணுரை முடிந்து பச்சையாகத் தெளியும் இடத்திலிருந்து இந்தப் பக்கம் மட்டும் குளியுங்கள்.

தண்ணீரில் இறங்கும்போதே ஒரு கல்லை நீர்க்கோட்டில் வைத்துவிடுங்கள். கரையில் எப்போதும் ஒருவர் நனையாமல் உட்கார்ந்து அந்தக் கல்லையும் மேல்பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறை வைத்து மாறிக்கொள்ளலாம். இரண்டு விரற்கடை ஏறினால் எல்லோரும் வெளியே. அதற்கு முன்பே ஆறு சில அடையாளம் காட்டும். தெளிந்த நீர் கட்டன்சாயா (பாலில்லாத தேநீர்) நிறத்துக்கு மாறும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும், புதுமண் வாடை வரும், ஆற்றின் சத்தம் கனக்கும். இதில் ஒன்று தெரிந்தாலே போதும். பையையும் செருப்பையும் எடுக்க எதிர்க்கரைக்கு ஓடுவதில்தான் உயிர் போகிறது. அதனால் சாமான்களை எப்போதும் திரும்பிப் போக வேண்டிய கரையிலேயே, பழைய வெள்ளக்கோட்டுக்கு மேலே வையுங்கள். புதர்க் கிளைகளில் சிக்கிக் காய்ந்திருக்கும் சருகையும் பிளாஸ்டிக்கையும் பார்த்தால் அந்தக் கோடு எங்கே என்று தெரியும். பல இடங்களில் அது தலைக்கு மேலே இருக்கும்.

திரும்பும் வழியில் ஆறு ஏறிவிட்டால் காத்திருங்கள். மழை நின்றால் ஏறியது போலவே இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கவும் செய்யும். கடந்தே ஆக வேண்டுமானால் அகலமான, ஆழமில்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குறுகிய இடம் சுலபமாகத் தோன்றும், ஆனால் இழுப்பு அங்கேதான் அதிகம். பையின் இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிடுங்கள். மேல்நோக்கிப் பார்த்து, கழியை மூன்றாம் காலாக ஊன்றி, பக்கவாட்டில் நகர வேண்டும். வேகமான தண்ணீர் முட்டுக்கு மேலே வந்தால் திரும்பிவிடுங்கள். கயிற்றை உடலில் கட்டிக்கொண்டு கடப்பது பெரிய தவறு: கால் வழுக்கினால் அந்தக் கயிறே ஆளைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கும். இழுத்துக்கொண்டு போனால் மல்லாந்து, கால்களைக் கீழ்ப்பக்கம் நீட்டி, பாதத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு கரையை நோக்கிச் சாய்வாக நீந்துங்கள். ஓட்டத்தில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் மாட்டும்.

கயிறு வாங்கும்போது ஒரு விஷயம். நைலான் தண்ணீரில் மூழ்கும், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்து மீன்பிடிச் சாமான் கடைகளில் மிதக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்; 8 மி.மீ. தடிமன், 20 மீட்டர் நீளம். அதன் நுனியில் மூடி இறுகிய 5 லிட்டர் கேனைக் கட்டி, உள்ளே அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் எறிய எடை கிடைக்கும், மிதக்கவும் செய்யும். தத்தளிப்பவரைத் தாண்டி எறிந்து, கயிறு அவர் கைமேல் படும்படி இழுக்க வேண்டும். கழி நீட்டலாம், தோர்த்து முடிந்து எறியலாம். பயிற்சியில்லாதவர் குதித்துக் காப்பாற்றப் போனால் இரண்டு உடல்தான் மிஞ்சும். வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கவோ தலைகீழாகத் தூக்கிச் சுற்றவோ கூடாது. உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு நெஞ்சில் 30 அமுக்கல், 2 ஊதல் என்று உதவி வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். இதைக் கிளம்புவதற்கு முன்பே எல்லோரும் கற்றுக்கொள்வது நல்லது. அழைப்பு எண் 108. ஆனால் காட்டுக்குள் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. அதனால் போகும் வழி, ஆட்கள் எண்ணிக்கை, திரும்பும் நேரம் மூன்றையும் எழுதி வீட்டிலும் சோதனைச் சாவடியிலும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மது குடித்தவர் கூட்டத்தில் இருந்தால் அன்று யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

பாறையும் வழியும்

காய்ந்த பாறை காலைப் பிடிக்கும். ஈரமாகிக் கறுத்த இடத்தில் பாசி கண்ணுக்குத் தெரியாத படலமாக இருக்கும். அங்கே புதுச் செருப்பு, விலையுயர்ந்த ஷூ எல்லாமே வழுக்கும். செலவில்லாத வழி, ஷூவுக்கு மேலே முரட்டு நூல் காலுறை ஒன்றை இழுத்துப் போடுவது. துணி பாசிக்குள் அழுந்திப் பிடிக்கும். ஒரு நாளில் கிழிந்துவிடும், எனவே இரண்டு ஜோடி வேண்டும்.

கீரிப்பாறை, குலசேகரம் பக்கம் வழியெல்லாம் ரப்பர் தோட்டம். மழைக்கு முன் இலையுதிர்வு நோய்க்காகத் தாமிர மருந்து தெளிப்பார்கள், களைக்கொல்லியும் உண்டு. தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைநீரை வடிகட்டினாலும் காய்ச்சினாலும் இந்த மருந்து போகாது. குடிநீர் ஆளுக்கு 2 லிட்டர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். தோட்டத்துக்கு மேலே, ஆள் குடியிருப்பு இல்லாத ஓடையில் எடுத்தால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். சாப்பாட்டுக்கு அவல், கருப்பட்டி, தேங்காய்க்கீற்று, மட்டிப்பழம் போதும். கெடாது, அடுப்பு வேண்டாம், எலும்பும் எண்ணெய்க் காகிதமும் மிச்சம் விழாது. மொத்தப் பை 6, 7 கிலோவுக்கு மேல் போனால் பாறையில் சமநிலை தவறும். மாற்றுத்துணியைத் தடிமனான பாலித்தீன் உறை இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இட்டு, காற்றோடு முறுக்கிக் கட்டுங்கள். தவறி விழுந்தால் பையே மிதவையாகும்.

அட்டைக்குக் கழி நுனியில் உப்புக் கிழி கட்டி நனைத்துக்கொண்டால் தொட்டதும் விழும். விரல்நகத்தைத் தோலோடு சேர்த்துத் தள்ளினாலும் விழும். பிய்த்து இழுத்தால் புண் ஆறாது. கடித்த இடத்தில் ரத்தம் சற்று நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. உப்புக் கிழியை ஓடையில் முக்கிக் கழுவாதீர்கள். தவளைகளுக்கு அது விஷம்.

சருகில் கிடக்கும் குழிவிரியன் வகைதான் இந்தக் காட்டில் காலுக்கு அருகில் வரும் பாம்பு. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. கூம்புமூக்குக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. கடி சின்ன வீக்கத்தோடு நின்றது போலத் தோன்றினாலும் சிறுநீரகத்தைத் தாக்கலாம். கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட அவயவத்தைக் கழியோடு சேர்த்து அசையாமல் கட்டி, நேரத்தைக் குறித்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருவருக்கொருவர் சில அடி இடைவெளி விட்டு நடப்பதும், தாண்டும் மரத்துக்கு அப்பால் பார்த்து அடி வைப்பதும் இதைத் தவிர்க்கும்.

ஆனைச் சாணம் வெதுவெதுப்பாக இருந்தால், ஈற்றை (காட்டு நாணல் மூங்கில்) புதிதாக ஒடிந்திருந்தால் வந்த வழியே திரும்புங்கள். கோதையாற்று மேல்பகுதி ஆனைகள் நடமாடும் காடு; தேனியில் பிடித்த அரிக்கொம்பன் என்ற ஆனையை 2023 ஜூனில் கொண்டுவந்து விட்டதும் அந்த மலையில்தான்.

குகைகள்

இங்கே சுண்ணாம்புக்கல் இல்லை. ஆகவே மேகாலயாவில் இருப்பது போல மைல்கணக்கான சுரங்கக் குகை இருக்காது. பெரும்பாறை பெரும்பாறைமேல் சாய்ந்த இடைவெளியும், பாறை ஏடு ஏடாக உரிந்து உண்டான தாழ்வாரமும்தான் குமரியின் குகைகள். தொடங்குபவர்களுக்குச் சிதறால் நல்ல இடம்: சாய்ந்த பாறைக்கடியில் இயற்கைக் குகை, சுவரில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள், பக்கத்தில் சுனை. தொல்லியல் துறை காக்கும் இடம். பாறையில் எண்ணெய் தடவாதீர்கள், சிற்பத்தைத் தொடாதீர்கள், சுனையில் குளிக்காதீர்கள். பொற்றையடி அருகே மருந்துவாழ்மலையில் நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இருக்கிறது. அங்கே நிழல் குறைவு. காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். தென்மேற்குக் காலத்தில் மேலே காற்று ஆளைத் தள்ளும்.

காட்டுக்குள் பெயரில்லாக் குகையில் நுழையும்போது வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முள்ளம்பன்றி முள், மிருக வாடை, பக்கத்துக் கரையான் புற்றில் புதிய பிறாண்டல் இருந்தால் கரடி உள்ளே இருக்கலாம், விலகிவிடுங்கள். பார்க்கும்போதும் வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், வெளியே ஓடிவரும் மிருகத்துக்கு வழி வேண்டும். தலைக்கு மேலே பாறை நெற்றியில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றும் தேனீயைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அடர்ந்த புதருக்குள் புகுந்து ஓட வேண்டும். தண்ணீரில் மூழ்கித் தப்ப நினைத்தால், தலை தூக்கும்வரை அவை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தரையைப் பாருங்கள். மணல் அலையலையாகவோ சருகு ஒரே பக்கம் அடைந்தோ இருந்தால் மழைக்கு அது ஓடை. மேகம் கூடினால் ஒதுங்கும் இடமாக அதை நம்பக் கூடாது. ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, கூட்டத்துக்கு இரண்டு உதிரி விளக்கு, மாற்று பேட்டரி. கைப்பேசி வெளிச்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உள்ளே தீ மூட்டினால் புகை தங்குவதோடு, சூடேறிய கூரைப்பாறை ஏடாக உரிந்து விழும். வௌவால் எச்சம் தூளாகக் காய்ந்த இடத்தில் காலை இழுத்து நடக்காமல், என்95 முகக்கவசம் போட்டு நடங்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வௌவால் கூட்டம் கலைந்து பறந்தால் விளக்கைத் தாழ்த்தி வெளியே வந்துவிடுங்கள். அவற்றின் பகல் தூக்கத்தைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை.

திரும்பிய பிறகு

வெட்டுக்காயம் இருந்தால் கயத்தில் இறங்காமல் இருப்பதே நல்லது. எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக எளிதில் உடலுக்குள் போகும். மே மாதம் ஓட்டம் நின்று வெதுவெதுப்பாகக் கிடக்கும் குட்டையில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கலாம். அது மூக்கு வழியாகப் போவது, அதனால் அப்படிப்பட்ட நீரில் தலையை முக்கவே வேண்டாம். அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்து, அக்குள், இடுப்பு, கால்முட்டுப் பின்புறம் எல்லாம் உண்ணியும் கறுத்த பொருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு வந்தால் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுக் காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் போனதும் முதலில் சொல்ல வேண்டியது, எந்த நாளில் எந்த ஓடையில் குளித்தீர்கள் என்பதுதான்.